கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

அக்கா மகள் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். விடுதி மாணவர்கள் லீவுக்கு எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கூகுள் ஃபார்மில் கேட்டு, வந்த பதில்களை எக்செலில் பிவட் டேபிளாகப் போட்டு, நாலு வண்ணத்தில் படமும் வரைந்திருந்தாள். முதலிடம் திருப்பூருக்கு, 21 பேர். அடுத்தது ஈரோடு, 19 பேர்.

"காலேஜ்லேர்ந்து பஸ் விடறதுன்னா திருப்பூருக்குத்தான் விடணும் மாமா."

டீயை ஆற்றிக்கொண்டே, பட்டியலைக் கீழே தள்ளச் சொன்னேன். கோவை 17. கோயம்புத்தூர் 14. கோயமுத்தூர் 6. இன்னும் கீழே மறுபடியும் ஒரு கோவை, 3 பேர். அந்தக் கடைசிக் கோவைக்குப் பின்னால் யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி எக்செலுக்குத் தெரியும். அதனால் அது வேறு ஊர். எல்லாவற்றையும் கூட்டினால் 40. பஸ் திருப்பூருக்குப் போக வேண்டியதில்லை.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. லேபில் சொல்லிக்கொடுத்த பட்டன்களை எல்லாம் சரியாகத்தான் அழுத்தியிருந்தாள். கட்டுமானக் கம்பெனியில் திட்டமிடல் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். பட்டன் தெரிந்து வருகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைத்தான் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

பிவட் டேபிள் என்றதும் மிரள வேண்டாம். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு அது பழைய சங்கதி. நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதுவோம். பிறகு ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்துப் பேரேட்டுக்கு எடுத்தெழுதுவோம். பிவட் டேபிள் செய்வது இந்த எடுத்தெழுதுகிற வேலையைத்தான், கண்மூடித் திறப்பதற்குள். ஆனால் குறிப்பேட்டில் ஒரே ஆளை மூன்று பெயரில் எழுதியிருந்தால் பேரேட்டிலும் மூன்று ஆள்தான். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை என்றால் "எல்லாம் ஒரே முருகேசன்தானே" என்று சேர்த்து எழுதியிருப்பார். எக்செல் கேட்காது.

ஆகவே குறிப்பேடு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு செல்லில் ஒரே விவரம். அழகுக்காகச் செல்களை மெர்ஜ் பண்ணக் கூடாது. நடுவில் 'மொத்தம்' என்று ஒரு வரியைச் செருகக் கூடாது. தேவையில்லாத இடைவெளியை நீக்க டிரிம் என்றொரு ஃபார்முலா இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி ஃபார்மை வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

"பெரிய ஆளுங்க இப்படியெல்லாம் தப்புப் பண்ண மாட்டாங்கல்ல?" என்றாள். அவளைத் தேற்ற என்னிடம் நல்ல கதை ஒன்று இருந்தது.

2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது அதன் சாரம். செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் பலர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார். அவர் எடுத்தது இந்தக் கட்டுரை. எப்படிப் போட்டாலும் விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். அதில் சராசரி எடுத்த செல்லைத் திறந்தால், 30ஆம் வரியிலிருந்து 49ஆம் வரி வரை போக வேண்டிய ஃபார்முலா 44லேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். அகர வரிசையில் முதல் ஐந்து.

வேறு குறைகளும் இருந்தன: சில நாடுகளின் சில வருஷங்களைச் சேர்க்காமல் விட்டது, ஒவ்வொரு நாட்டுக்கும் எடை கொடுத்த விதம். எல்லாவற்றையும் மாற்றிப் போட்டபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதம் ஆயிற்று. 2013இல் இது வெளிவந்தபோது ஃபார்முலா தவறை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்ற விமர்சனங்களை ஏற்கவில்லை. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். ஐந்து வரி விட்டுப்போனதை அத்தனை பேர் படித்தும் யாரும் பார்க்கவில்லை. செல்லுக்குள் போய்ப் பார்த்தவர் ஒரு மாணவர்.

அவளையும் செய்யச் சொன்னேன். ஃபார்முலா உள்ள செல்லில் நின்று எஃப்2 தட்டினால், அது எந்தெந்தச் செல்களைத் தொடுகிறதோ அவற்றைச் சுற்றி வண்ணக் கட்டம் விழும். கடைசி வரி கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு விநாடி ஆகுமா? அவள் இரண்டாவது தாளிலேயே ஒரு வரி வெளியே நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஊற்றினேன்.

எக்செல் மாதிரியான விரிதாள் பிறந்ததே ஒரு மாணவர் மனதில்தான். 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறுகிற கரும்பலகை இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய எக்செல் அதன் பேரப்பிள்ளை.

அடுத்து அவள் திறந்தது மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட். பாடத்துக்காக ஒரு சின்ன வீட்டுக்குத் திட்டம் போட்டிருந்தாள். பட்டை பட்டையாகப் படம் நன்றாகத்தான் இருந்தது. "கம்பி கட்டுற வேலையை நாலு நாள் தள்ளிப் போடு" என்றேன். போட்டாள். அந்தப் பட்டை மட்டும் நகர்ந்தது; கான்கிரீட் போடுவது அசையாமல் பழைய தேதியிலேயே நின்றது. கம்பி கட்டாமலே தளம் போட்டாகிவிட்டது!

காரணம் எளிது. ஒவ்வொரு வேலைக்கும் தேதியைக் கையால் அடித்திருந்தாள். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும் என்ற பத்தி காலி. 2010 பதிப்பிலிருந்து இந்த மென்பொருளில் அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், புது வேலை எதைச் சேர்த்தாலும் அது 'மேனுவல்' ஆகத்தான் வரும். பக்கத்தில் சின்னக் குண்டூசி ஒன்று தெரியும். அதை 'ஆட்டோ'வுக்கு மாற்றி, தேதியைத் தொடாமல், முந்தைய வேலையின் எண்ணையும் எத்தனை நாள் என்பதையும் மட்டும் கொடுத்தால் தேதியை அதுவே போடும்.

அப்படிப் போட்டுப் பார்த்தோம். சென்ட்ரிங் அடிக்க 6 நாள், கம்பி கட்ட 3, ஒயரிங் பைப் பதிக்க 1, கான்கிரீட் 1, தண்ணீர் கட்டிக் காத்திருக்க 14, பலகை பிரிக்க 1, உள்பூச்சு 8. கூட்டினால் 34 நாள். இதற்கு நடுவே கதவு செய்ய ஆசாரிக்கு 12 நாள் வேண்டும். ஆனால் பூச்சு முடிந்த பிறகுதான் கதவை மாட்டுவோம். ஆசாரி 22 நாள் கழித்துத் தொடங்கினாலும் வீடு ஒரு நாள் கூடத் தள்ளாது. அந்த 22 நாளுக்கு ஃப்ளோட் என்று பெயர். பைப் பதிப்பவர் ஒரு நாள் வராவிட்டால் வீடே ஒரு நாள் தள்ளும். அவருக்கு ஃப்ளோட் இல்லை. இப்படி ஃப்ளோட் இல்லாத வேலைகளின் சங்கிலிதான் கிரிட்டிகல் பாத். 1950களின் கடைசியில் டூபாண்ட் கம்பெனிக்காரர்கள் தங்கள் ரசாயன ஆலை வேலைகளுக்காக வகுத்த கணக்கு இது. சைட்டில் தினமும் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். யாரைத் திட்டினால் பிரயோஜனம் என்று சொல்வது இந்தச் சங்கிலி ஒன்றுதான்.

அந்த 14 நாளில்தான் இன்னொரு பொறி இருந்தது. மென்பொருளின் நாள்காட்டிக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. 14 நாள் காத்திரு என்றால் அது வேலை நாளாக எண்ணி நாள்காட்டியில் மூன்று வாரத்தை நெருங்கிவிடும். கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகுமே! அதற்கு 14க்குப் பின்னால் 'இ', 'டி' (ed) என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். அப்போது லீவு பார்க்காமல் எண்ணும். இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "இதை எங்க சாரே சொல்லலை மாமா." அவர் சைட்டில் நின்றிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

மென்பொருள் கணக்குப் போடும். 6 நாள் ஆகுமா 10 நாள் ஆகுமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் குறைத்தே சொல்வோம். 1994இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், கடைசி வருஷ ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கும் 49 நாள்தான் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆபீசில் பழைய வேலைகளின் உண்மையான நாள் கணக்கை ஒரு எக்செலில் வைத்திருக்கிறோம். புதுத் திட்டம் போடும்போது முதலில் திறப்பது அதைத்தான்.

டம்ளர் காலியானதும் அவள் வீட்டுத் திட்டத்தை மூடிவிட்டு, தன் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் புதுக் கோப்பு தொடங்கினாள். ஊர்ப் பெயர் சரிபார்த்தல், 2 நாள். எழுதுதல், 10. பைண்டிங், 1. கைடு கையெழுத்து, 1.

"உங்க கைடு வாரத்துல எத்தனை நாள் டிபார்ட்மெண்ட்ல இருப்பார்?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை அழித்துவிட்டு ஆறு என்று போட்டாள்.