ஒரே அச்சில் ஓராயிரம் மரங்கள்

நவராத்திரி நெருங்கும் நாட்களில் மல்லேஸ்வரம் கடைத்தெருவில் கொலுப் பொம்மை வாங்கும் நம் இல்லத்தரசிகள், ஒரே அச்சில் பிறந்த செட்டியார் பொம்மைகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக வீற்றிருப்பதைக் கண்டிருப்பார்கள். அங்கவஸ்திரத்தின் கரை மட்டும் வேறு வேறு வண்ணம். நம் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டுகளிலும் நடப்பது ஏறக்குறைய இதுவே.

1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில், வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவந்தான். வெள்ளை தீட்டினால் மேகம். பச்சை தீட்டினால் புதர். ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அவ்விடம் போதாது.

இப்போது இடப் பஞ்சம் தீர்ந்தது. ஆள் பஞ்சம் தீரவில்லை. ஒரு மரத்தைச் செவ்வையாகச் செய்யக் கலைஞர் ஒருவர் நாட்கணக்கில் உழைக்க வேண்டும். காட்டுக்கோ ஆயிரம் மரம் வேண்டுமே! ஆகவே சில மரங்களை மட்டும் செய்து, திருப்பியும் சாய்த்தும், சிறிதாக்கியும் பெரிதாக்கியும் நட்டுவிடுகிறார்கள். பொம்மை ஒவ்வொன்றுக்கும் புதிதாக மண் வேண்டும். கணினியோ ஓர் உருவத்தை ஒருமுறை நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் வரைந்து காட்டுகிறது.

இத்தொழில் நம் ஊருக்கு அந்நியமன்று. 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், அயல்நாட்டு ஆட்டங்களுக்குக் கார்களையும் பிற உருவங்களையும் செய்து கொடுத்துப் பெயர் பெற்றது. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதனை வாங்கிற்று.

இவ்வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. வரன் பேச வருகிறவர்களிடம், “பையன் கம்ப்யூட்டரில் இருக்கிறான்” என்று பெற்றோர் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். பீப்பாய் செய்கிறான் என்று சொல்ல நாணம்! நமக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை. ஆயிரம் முறை தோன்றப்போகும் மரத்தில் கண்ணைப் பறிக்கும் ஒரு கணு இருந்துவிட்டால், ஆடுபவன் மூன்றாவது மரத்திலேயே சூட்சுமத்தைக் கண்டுகொள்வான். உருவம் அழகாகவும் இருக்க வேண்டும். நினைவில் தங்கிவிடவும் கூடாது. இது எளிய வித்தையா? இவ்வளவு செய்தும், ஆட்டத்தின் இறுதியில் ஓடும் பெயர் வரிசையில் பல வேளைகளில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே வருகிறது. செய்தவர் பெயரைக் காணோம்.

நமக்குத் தெரிந்த தந்தை ஒருவர், மகள் செய்த பீப்பாயைப் பார்க்க விரும்பி, ஆட்டத்தின் துறைமுகக் காட்சியில் நெடுநேரம் தேடினாராம். “இத்தனையில் உன்னுடையது எது, அம்மா?” என்று கேட்டிருக்கிறார்.

“எல்லாமே என்னுடையதுதான், அப்பா” என்றாளாம் மகள்.