ஓய்வூதியம்தான் எங்கள் நிலம்

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துக் காலனிகளுக்குள் நடந்து போனால் ஒன்று கண்ணில் படும். தெருவில் ஒரு வீடு மட்டும் மற்ற வீடுகளைவிடச் சற்று நிமிர்ந்து நிற்கும். உள்ளே சுவரில் சீருடை அணிந்தவரின் படம் தொங்கும். 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றுதான் ஊரில் அடையாளம் சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும். அடுத்த வீட்டில் அதே வயதுப் பிள்ளை பட்டாசு ஆலை வேனுக்குக் காத்து நிற்கும்.

இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் மாதாமாதம் வங்கிக்கு வரும் ஓய்வூதியம். நிலம் உள்ளவருக்கு வயலும் கிணறும் இருக்கின்றன. மழை பொய்க்கும் இந்தக் கரிசல் பூமியில் அந்த நிலமும் இல்லாத நம் மக்களுக்கு ஓய்வூதியம்தான் நிலம். முன்னாள் படைவீரர்கள் நியாயமான, சமமான ஓய்வூதியம் கேட்டு நடத்திவரும் நீண்ட போராட்டத்தை நாம் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இது நமக்குப் புதிய கதையும் அல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், படைப் பள்ளி ஆசிரியர். அடுத்த சில ஆண்டுகளில் 'போர்க்குடிகள்' என்ற கொள்கையைச் சொல்லி மகர்களைப் படையில் சேர்ப்பதையே வெள்ளை அரசு நிறுத்தியது. அதை எதிர்த்து 1894இல் மனு எழுதிய கோபால் பாபா வலங்கர், ஓய்வுபெற்ற படைவீரர். மூடிய கதவு மீண்டும் திறந்து மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விருதுநகர் அன்று சேர்ந்திருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, ஓய்வூதியத்துக்குக் காத்திராமல் மக்கள் பணிக்குத் திரும்பியவர் தியாகி இமானுவேல் சேகரனார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவரைக் கொன்றார்கள். படை கற்றுத்தந்த நிமிர்ந்த நடையை ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி இன்றைய போராட்டத்துக்கு வருவோம். மூன்றாவது ஊதியக் குழுவையொட்டி 1973இல் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை கடைசிச் சம்பளத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்த ஜவான்களின் ஓய்வூதியம், எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்லி 50 விழுக்காடாக இறக்கப்பட்டது. குமாஸ்தா 60 வயதுவரை வேலை பார்க்கலாம். ஜவானோ 35, 40 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே சம்பளம் நின்றுவிடுகிறது. இருவருக்கும் ஒரே கணக்கு என்பது சமத்துவமா?

இதோடு இன்னொரு அநீதியும் சேர்ந்தது. ஒரே பதவி, ஒரே பணிக்காலம். ஆனால் முன்னால் ஓய்வுபெற்றவருக்குக் குறைவு, பின்னால் ஓய்வுபெற்றவருக்கு அதிகம். இதற்கு எதிராக எழுந்ததுதான் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற முழக்கம். 2009இல் தங்கள் பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடம் திருப்பித் தரக் கிளம்பினார்கள் முன்னாள் வீரர்கள். 2011இல் பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு கோரிக்கை நியாயமானது என்றது. 2014 பிப்ரவரியில் நிதியமைச்சராக இருந்த ப.சிதம்பரம் ஏற்பதாக அறிவித்து 500 கோடி ஒதுக்கினார். ஆனால் பணம் கைக்கு வரவில்லை. 2015 ஜூன் 15 அன்று டெல்லி ஜந்தர் மந்தரில் தொடர் உண்ணாவிரதம் தொடங்கியது. சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பதக்கம் குத்திய முதியவர்களைப் போலீசார் பிடித்துத் தள்ளியதை நாடே பார்த்தது. 80 நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 5 அன்று அரசு இறங்கி வந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் என்றார்கள். 2019இல் வரவேண்டிய திருத்தம், உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் உத்தரவிட்ட பிறகு, டிசம்பரில்தான் வந்தது.

அப்போது அரசு வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். சிப்பாயின் ஓய்வூதியம் 17,699 ரூபாயிலிருந்து 19,726 ஆனது. லெப்டினன்ட் ஜெனரலுக்கு 1,01,515 ரூபாயிலிருந்து 1,12,050 ஆனது. ஒருவருக்கு ஏறியது சுமார் இரண்டாயிரம், மற்றவருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். பதவிக்கேற்ப ஊதியம் மாறும் என்பதை ஜவான்கள் மறுக்கவில்லை. அவர்கள் கேட்பது வேறு. படை வாழ்க்கையின் கஷ்டத்துக்காகத் தரப்படும் ராணுவப் பணி ஊதியம் அதிகாரிக்கு 15,500 ரூபாய், ஜவானுக்கு 5,200 ரூபாய். இதில் பாதி ஓய்வூதியத்திலும் சேர்கிறது. சியாச்சின் பனி தோளில் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தா கடிக்கிறது? 2023 பிப்ரவரியில் ஜவான்களும் ஜே.சி.ஓ.க்களும் தனியாக ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். சமத்துவம் கேட்ட போராட்டத்துக்குள்ளும் கீழ்ப்படியில் நிற்பவன் தனியே குரல் எழுப்ப வேண்டியிருக்கிறது. படிநிலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்தப் போராட்டம் நம் தெருவோடு ஒட்டியது. முப்படைகளில் சாதி இட ஒதுக்கீடு கிடையாது. நம் பிள்ளைகள் ஓடி, தாண்டி, தேர்வெழுதித்தான் உள்ளே போகிறார்கள். பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராகவோ சுபேதாராகவோ திரும்புகிறார்கள். படைக்குப் போகாதவர்கள் மருந்து அறைகளில் உழைக்கிறார்கள். பட்டாசு ஆலையில் பி.எஃப். பிடித்தம் உள்ள தொழிலாளிக்குச் சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் ஆயிரம் ரூபாய். பிடித்தமே இல்லாதவருக்கு அதுவும் இல்லை. ஆகவேதான் ஒரு படைவீரரின் ஓய்வூதியம் ஒரு தலைமுறையையே தூக்கிவிடுகிறது.

அந்த வாசல்தான் இப்போது சுருங்குகிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே ஆண்டுகள். நால்வரில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பணி. மற்ற மூவருக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதில் பாதி அவர்களுடைய சம்பளத்தில் பிடித்த பணம். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 விழுக்காடு இடம் என்று 2022இல் அறிவித்தார்கள். கிடைத்தால் நல்லது. ஆனால் 22 வயதில் கையில் வரும் ஒரு தொகை, அக்கா கல்யாணத்திலும் வீட்டுக் கடனிலும் கரைந்துபோகும். ஓய்வூதியம் அப்படிக் கரையாது. அது வீரர் கண்மூடிய பிறகும் குடும்ப ஓய்வூதியமாக மனைவியைத் தேடி வரும்.

அந்த மனைவியரைப் பற்றி ஒரு வார்த்தை. படை ஆவணத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிறந்த தேதியில் குழப்பம் என்று மாதக்கணக்கில் அலையும் அம்மாக்கள் நம் ஊர்களில் உண்டு. படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் தெருவில் உள்ள மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு ஒருநாள் போங்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதிவாகிறதா, திருத்திய ஓய்வூதியம் வருகிறதா என்று சரிபார்த்துக் கொடுங்கள். தவறு இருந்தால் விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். வலங்கர் மனு எழுதிய காலத்தில் நம்மில் எழுதத் தெரிந்தவர்கள் வெகு சிலர். இன்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறோம்.