ஓலை கறுத்தால் அடிப்பக்கம் பாருங்கள்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் மேல்மட்டைகள் பச்சையாக இருக்க, கீழ்மட்டைகள் மட்டும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும் தென்னைகளைப் பார்க்கலாம். பூஞ்சை நோய் வந்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கறுப்பு, கரும்பூசணம். அது ஓலைக்குள் புகுவதே இல்லை; மேலே படர்ந்து வெயிலை மறைக்கிறது. காரணம் அதற்கு மேலிருக்கும் மட்டையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

அந்த மட்டையைத் திருப்பினால், வெள்ளை மெழுகுத் துகளோடு வட்டச் சுருளாக இட்ட முட்டைகள் தெரியும். சுருள் வெள்ளை ஈயின் வேலை. சாதாரண வெள்ளை ஈயைப் போல மூன்று மடங்கு பெரியது. ஓலையின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைக் கீழே சொட்டவிடும். கீழ்மட்டையிலும் ஊடுபயிர் வாழையிலும் அந்தப் பிசுபிசுப்பு படிந்து, அதில்தான் பூசணம் வளர்கிறது. நடு அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சிக்கு 2004இல் அறிவியல் பெயர் கிடைத்தது. 2009இல் புளோரிடாவில் தென்பட்டது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2016இல், பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில்.

எல்லா ஓலைக்கோளாறும் இதுவல்ல. அடிமட்டை ஓலைகள் நுனியிலிருந்து கருகி வந்தால் இலைக்கருகல், அது நிஜமான பூஞ்சை நோய். ஓலைகள் விறைப்பிழந்து உள்நோக்கி வளைந்து மஞ்சளித்தால் கேரள வாடல் நோயாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. உடனே வேளாண் அலுவலரிடம் காட்ட வேண்டும்.

வெள்ளை ஈக்கு வீரியமான பூச்சிமருந்து அடிப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அந்த ஈயைத் தொடர்ந்து அதன் எதிரியும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது: என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி. ஈயின் இளம்பருவத்துக்குள் இது முட்டையிடும். உள்ளே வளரும் குளவிப் புழு அதைத் தின்றுவிடும். கைலென்சில் பாருங்கள். ஓலையடியில் செதில்போல் ஒட்டியிருப்பவை ஈயின் இளம்பருவங்கள்; வெளிறிய செதில்களுக்கு நடுவே சில கறுத்திருந்தால் குளவி வேலை செய்கிறது. செதிலில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. மருந்தடித்தால் ஈயைவிட முன்னால் சாவது இந்தக் குளவிதான். பிறகு ஈயைத் தடுக்க ஆளில்லை.

அதனால் கறுப்பு செதில் உள்ள ஓலையை வெட்டி எரிக்காமல், குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடலாம். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான வழிகாட்டலும் கிடைக்கும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலித்தீன் பொறியைத் தண்டில் கட்டலாம். ஓலையடியில் படும்படி விசையாகத் தண்ணீர் பீய்ச்சலாம். பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கறுப்பு ஏடு ஏடாக உரிந்து விழும். ஈ போகாமல் இதை மட்டும் செய்தால் மறுபடி கறுக்கும்.

மழை வலுத்தால் ஈ குறையும், வறண்ட மாதங்களில் பெருகும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறையாவது ஓலையடியைப் பாருங்கள். தென்னை நாற்றையோ வாழை இலையையோ வேறு தோப்புக்குக் கொண்டுபோகும்முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே வண்டியில் ஏற்றுங்கள்.