வயிறு ஏமாற்றும், முதுகு ஏமாற்றாது!

மாடு வாங்குவோர் கவனிக்க

திருத்தணி 1960-ல்தான் ஆந்திராவில் இருந்து நம்ம பக்கம் வந்தது. எல்லை இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி வடக்கே போனால் நெல்லூர், ஓங்கோல் சீமை. வெள்ளை உடம்பு, பெரிய திமில், தொங்கும் அலைதாடி, குட்டைக் கொம்பு. இதுதான் ஓங்கோல் மாடு.

இந்த மாடு கப்பல் ஏறி பிரேசிலுக்கும் போனது. அங்கே அதன் பெயர் 'நெலோர்'. நம்ம நெல்லூர்தான்! இன்று அந்த நாட்டுக் கறிமாடுகளில் பெரும்பகுதி இந்த வம்சம்.

மாடு ஒன்று, பார்வை இரண்டு

இங்கே ஏருக்கும் வண்டிக்கும் வாங்கினார்கள். காலையும் கழுத்தையும் பார்த்தார்கள். அங்கே கறிக்கு வளர்க்கிறார்கள். அகன்ற முதுகு, திரண்ட தொடை பார்க்கிறார்கள்.

ஏமாறாதீங்க!

கடன் வாங்கி மாடு பிடிப்பவருக்குப் பார்வை தப்பினால் ஒரு வருஷ உழைப்பு போச்சு. உப்பு கொடுத்துத் தண்ணீர் காட்டினால் ஒட்டிய வயிறும் பானை மாதிரி நிற்கும்.

ஆகவே பின்னால் நின்று பாருங்க. இடுப்பு எலும்பு துருத்தி, வாலடியில் குழி விழுந்திருந்தால் சதை இல்லை. நடக்கவிட்டுப் பாருங்க. முன்னங்கால் தடத்தில் பின்னங்கால் விழணும். வாயைத் திறந்து பாருங்க. 2 பல் என்றால் சுமார் இரண்டரை வயது. 8 பல்லும் சேர்ந்தால் சுமார் 5.

சுழி பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் சுழி சதையையும் சொல்லாது, வயதையும் சொல்லாது.

துண்டுக்குள் கை விடும் முன்பே இத்தனையும் முடியணும். விரல் பிடித்து விலை முடிந்த பிறகு, வீட்டுக்கு வந்து வயிறு வற்றினால் யாரைப் போய்க் கேட்பது?