தற்செய் கதிர்வீச்சு உணரிகளில் தோன்றும் தன்னலைவு: மேட்டுப்பாளையம் – உதகை உயரவேறுபாட்டு அளவீட்டை முன்வைத்து

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புறப்படும் மலைரயில் 46 கி.மீ. தொலைவைக் கடந்து, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தை அடைகிறது. உயரம் கூடக் கூட விண்கதிர்கள் மிகுவதை ஒரே நாளில் அளந்தறிய இது ஏற்ற வழித்தடமாகும். உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வில் 560 சதுர மீட்டர் பரப்புடைய மியூவான் தொலைநோக்கி இயங்குகிறது. மாணவர்கள் கையால் அமைக்கும் உணரியில் பெரிதும் பயன்படும் பிபிடபிள்யூ 34 ஒளி டையோடின் பரப்போ 7.5 சதுர மில்லிமீட்டர். அதாவது, அத்தொலைநோக்கியின் ஏழரைக் கோடியில் ஒரு பங்கு.

இவ்வேறுபாடு சிக்கலின் அளவைக் காட்டுகிறது. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. அக்கணக்கில் இந்த டையோடின் வழியே மணிக்கு நான்கு அல்லது ஐந்து மியூவான்களே செல்லும். சுற்று தானே அலைந்து நிமிடத்திற்கு ஒரு பொய்த்துடிப்பை எழுப்பினாலும் உண்மை எண்ணிக்கை அதனுள் மூழ்கிவிடும். இதனினும் இடரானது வேறொன்று: அலைவின் விளிம்பில் நிற்கும் சுற்று வெப்பநிலைக்கேற்ப மாறும். மலையேறுகையில் குளிர் மிகுவதால் பொய்த்துடிப்புகள் பெருகினால், அது எதிர்பார்த்த முடிவைப் போலவே தோன்றும். அதை ஐயுறுவார் அரிதே.

அலைவுக்கு முதற்காரணம் முன்பெருக்கியில் உள்ளது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான்–துளை இணையை உருவாக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அமெரிசியம்-241 வெளியிடும் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்கதிர் முழுதும் உட்கவரப்பட்டால் கிடைக்கும் மின்னூட்டம் 2.6 பெம்டோகூலும் மட்டுமே. எனவே 10 மெகாஓம் போன்ற பெரிய பின்னூட்ட மின்தடை இடப்படுகிறது. இம்மின்தடையும் உள்ளீட்டு மின்தேக்குதிறனும் சேர்ந்து பின்னூட்டக் குறிப்பலையைத் தாமதப்படுத்துகின்றன. தாமதம் மிகுந்தால் எதிர்ப்பின்னூட்டம் நேர்ப்பின்னூட்டமாகத் திரிந்து, பெருக்கி அலையியற்றியாகிவிடும். மின்தடைக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கியை இணைப்பதே மாற்று. உள்ளீட்டில் 40 பிக்கோபாரடும் 3 மெகாஹெர்ட்ஸ் பெருக்கப் பட்டையகலமுள்ள டிஎல் 072 பெருக்கியும் எனில், ஏறத்தாழ அரை பிக்கோபாரடு போதும். நடைமுறையில் ஒரு பிக்கோபாரடு இடுவது நலம்.

பிரட்போர்டில் ஒழுங்காக இயங்கிய சுற்று, அச்சுப் பலகைக்கு மாற்றியதும் அலைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிரட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே ஓரிரு பிக்கோபாரடு தானாகவே அமைகிறது. வரைபடத்தில் இல்லாத அம்மின்தேக்கிதான் அதுவரை சுற்றைக் காத்திருக்கும்.

இரண்டாவது காரணம் வெளியீடு உள்ளீட்டைத் தொடுவது. ஒப்பீட்டியின் வெளியீடு 5 வோல்ட் தாவுகிறது. அதற்கும் டையோடு முனைக்கும் இடையே ஒரு பிக்கோபாரடில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் 5 பெம்டோகூலும் உட்புகும். இது மேற்சொன்ன காமாக்கதிர் தரும் மின்னூட்டத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஓர் உண்மைத் துடிப்பு, பொய்த்துடிப்புகளின் தொடரையே இழுத்துவரும். இவ்வழி மின்னியலாக மட்டும் இருப்பதில்லை. எண்ணிக்கையைக் காட்டும் எல்.இ.டி.யின் ஒளி டையோடில் படலாம். பஸ்ஸரின் அதிர்வு பீங்கான் மின்தேக்கிகளை உலுக்கி மின்னழுத்தம் எழுப்பலாம். இரண்டையும் கழற்றியதும் எண்ணிக்கை சரிந்தால் குற்றம் வெளிப்பட்டுவிடும். முன்பெருக்கியைத் தனித் தகரப் பெட்டியில் அடைத்து, பெட்டியைச் சுற்றின் தரைமுனையுடன் இணைப்பதும், ஒப்பீட்டிக்குச் சில மில்லிவோல்ட் தயக்க இடைவெளி அளிப்பதும் தீர்வுகள். மின்கலத்தின் வழியே நிகழும் பின்னூட்டத்தை முன்பெருக்கியின் மின்வழங்கலில் ஒரு கிலோஓம் மின்தடையும் 100 மைக்ரோபாரடு மின்தேக்கியும் இட்டு அடக்கலாம்.

அலைவைக் கண்டறிய ஆசிலோஸ்கோப் கட்டாயமில்லை. அதன் ஆய்முனையே பல பிக்கோபாரடுகளைச் சேர்த்து நோயை மறைத்தோ உண்டாக்கியோ விடக்கூடும். துடிப்புகளின் இடைவெளியை நோக்குவதே நம்பத்தக்கது. கதிரியக்கம் ஒழுங்கற்றது: நிமிடத்திற்குச் சராசரி 100 எனில் எண்ணிக்கை பத்து அளவுக்கு ஏறியிறங்க வேண்டும். 100, 101, 100, 99 என்று வந்தால் அது கதிர்வீச்சன்று. அடுத்து, டையோடை நீக்கி அதே அளவு மின்தேக்கியைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். வெறுமனே கழற்றினால் உள்ளீட்டு மின்தேக்குதிறன் குறைந்து அலைவும் அடங்கிவிடும்; டையோடே பழுது என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும்.

இறுதிச் சோதனைக்கு உரக்கடையில் கிடைக்கும் மூரியேட் ஆப் பொட்டாசு போதுமானது. அதிலுள்ள பொட்டாசியம்-40 காரணமாக ஒரு கிலோ உரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16,000 சிதைவுகள் நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி பீட்டாச் சிதைவு. தகரப் பெட்டியில் டையோடுக்கு நேரே துளையிட்டு அலுமினியத் தாளால் மூடினால் ஒளி தடுக்கப்படும்; பீட்டாத் துகள்கள் நுழையும். உரப்பையை ஒரு மணிநேரம் வைத்தும் ஒரு மணிநேரம் அகற்றியும் மாறிமாறிப் பல முறை எண்ண வேண்டும். முழுநாளும் வைத்து, மறுநாள் அகற்றி அளந்தால் வெப்பநிலை மாற்றமும் மின்கலத் தளர்ச்சியும் கணக்கில் கலந்துவிடும்.