முதலில் யாரைக் கவனிப்பது?

மாணவ மாணவியரே, செவிலியர் பயிற்சித் தேர்வில் ஒருவகை வினா உண்டு. நான்கு நோயாளிகளின் நிலையை விவரித்துவிட்டு, முதலில் யாரைக் கவனிப்பீர் என்று கேட்பார்கள். நால்வருக்கும் உதவி தேவையே. ஆயினும் சரியான விடை ஒன்றுதான். அதைக் காணும் வழி யாது?

நம் கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்திலேயே ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டி ஆலையில் கையைச் சுட்டுக்கொண்ட பெண் அலறுகிறாள். காலெலும்பு முறிந்த முதியவர் முனகுகிறார். காய்ச்சல் கண்ட குழந்தை அழுகிறது. பருத்திக் காட்டில் பாம்பு தீண்டிய உழவரோ சுவரோரம் சாய்ந்து வாளாவிருக்கிறார். அவருடைய இமைகள் தாமே கவிழ்கின்றன. எச்சிலை விழுங்க இயலவில்லை. முதலிடம் இவருக்கே உரியது. நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஏவலைத் தடுத்துவிடும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியே இல்லாமலும் இருக்கலாம். இமையில் தோன்றிய தளர்ச்சி மூச்சுத் தசைகளை எட்டினால் உயிருக்கே இறுதி.

ஆகவே, அலறலின் அளவு நோயின் அளவன்று. மூச்சுவழி திறந்துள்ளதா, மூச்சு சீராக உள்ளதா, குருதியோட்டம் குன்றாதிருக்கிறதா, அறிவு தெளிவாக உள்ளதா என்று இவ்வரிசையில் வினவுங்கள். நோயாளி சொல்வது ஒரு குறி. நாம் கண்டறிவது மற்றொரு குறி. பேச முடியாதவரிடத்தில் பின்னதே வழிகாட்டும். நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, காயமுற்றோரின் பதவியை நோக்காமல் காயத்தின் கொடுமையை நோக்கியே சிகிச்சைக்கு வரிசை வகுத்தார்.

இதனை நான் கற்றது ஏட்டிலன்று. ஒரு பங்குனி நண்பகலில் பள்ளி விளையாட்டு விழா நடந்தது. முழங்காலில் குருதி வழிய ஒரு சிறுவன் கதறினான். ஆசிரியர் அனைவரும் அவனிடம் ஓடினோம். ஓட்டப்பந்தயத்தில் ஓடிய வேறொருவன் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தான். களைப்பு என்றெண்ணிக் கடந்து சென்றேன். "ஐயா, இந்தப் பையன் பேச்சு குழறுதுங்க" என்று பள்ளிக் காவலாளி அழைத்த பின்னரே திரும்பினேன். தொட்டால் உடல் தணலாய்ச் சுட்டது. உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து மூளையைத் தாக்கும் வெப்பவாதம் அது. நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அவன் பிழைத்தான். நான் கடந்து சென்ற அந்தச் சில நிமிடங்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

எனவே, பயிற்சி செய்யும்போது விடையைக் குறித்தவுடன் நின்றுவிடாதீர்கள். மற்ற மூவரும் ஏன் சற்றுக் காத்திருக்கலாம் என்பதையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். எழுத இயலவில்லையெனில், வினாவை மீண்டும் படியுங்கள்.