கைபேசியில் வந்த கைத்தாங்கல்
ஊரடங்கில் ஆய்குடி கண்ட வழி தங்கவயலுக்கும் பொருந்தும்

மைசூர் மைன்ஸ்:
பக்கவாதம் வந்து கை விழுந்தவர், கழுத்து நிற்காத குழந்தை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் பழைய சுரங்கத் தொழிலாளி - இவர்களுக்கு மருந்து மட்டும் போதாது. அன்றாடம் பயிற்சி வேண்டும். அது நின்றால், மடங்கிய கை மடங்கியபடியே இறுகிவிடும்.

2020 மார்ச் 25-ல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. மாரிகுப்பம்-பெங்களூர் பயணிகள் ரயில்களும் நின்றன. பெங்களூர் ஆஸ்பத்திரிகளை நம்பியிருந்தவர்களுக்கு வழி அடைபட்டது.

ஆய்குடியில் நடந்தது

அந்த நாட்களில் தென்காசி மாவட்டம் ஆய்குடியிலுள்ள அமர் சேவா சங்கம் வேறு வழி கண்டது. 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய நிறுவனம் அது.

கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, ஊனமுற்ற குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பி வந்தது சங்கம். ஊரடங்கில் அவர்கள் வீடு செல்ல முடியவில்லை. கைபேசியில் பேசினார்கள். தாய் குழந்தையைப் பாயில் கிடத்துவாள். மறுமுனையில் இருப்பவர் படத்தில் பார்த்து, எங்கே பிடிப்பது, எவ்வளவு நீட்டுவது என்று சொல்லிக் கொடுப்பார். தாயின் கையே வைத்தியரின் கையாயிற்று.

இதில் குறையும் உண்டு. தசையின் இறுக்கத்தைக் கைபேசியில் தொட்டுப் பார்க்க முடியாது. காலணிக்கும் தாங்கு கட்டைக்கும் அளவெடுக்க நேரில்தான் வர வேண்டும். ஆயினும் வேலை நடந்ததற்குக் காரணம், கூப்பிட்டவர் முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர் என்பதே. முன்பின் தெரியாத குரலுக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

தங்கவயலின் நுரையீரல்

தங்கவயலுக்கு இது அயல் செய்தி அல்ல. 1940-46-ல் இங்கு 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில், நூற்றுக்கு 43.7 பேருக்குக் கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் இருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க ஆஸ்பத்திரியும் மூடிக் கிடந்து, 2021-ல் இரண்டாம் அலையின்போது கொரோனா நோயாளிகளுக்காகச் சீர்செய்யப்பட்டது.

நுரையீரலில் விழுந்த வடு ஆறாது. ஆனால் மூச்சுப் பயிற்சியும் அளவான நடையும் மூச்சுத் திணறலைத் தணிக்கும். டாக்டர் ஒருமுறை நேரில் சோதித்து அளவு சொல்லிவிட்டால், பிறகு கைபேசியிலேயே தொடரலாம்.

கர்நாடக அரசின் திட்டத்தில் கிராமப் பஞ்சாயத்துகளில் மறுவாழ்வு ஊழியர்கள் உண்டு. சுரங்க லைன் வீடுகளிலும் அந்தந்த லைன் பெண்களையே பழக்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. 'பணம் வந்ததா?' என்பதோடு, 'அப்பா, இன்று மூச்சுப் பயிற்சி செய்தீர்களா?' என்றும் கேட்கலாம்.

அடுத்த நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் கால்கள் இன்றே நடந்தால்தான், நாளை கதவடைக்கும்போது கைபேசி பேசும்.